வசலீன் பூசிய கலியாணங்கள்

அக்காவின் கையில் புதுக் கமரா ஒன்றைக் கொடுத்தால், அவர் முதலில் செய்கிற வேலை அதற்குக் கண் தெரியாமல் பண்ணுவதுதான். கைப்பையில் எப்போதும் ஒரு சின்ன வசலீன் போத்தல் இருக்கும். லென்சுக்கு முன்னால் பூட்டுகிற வெறுங்கண்ணாடியில் நடுவே கொஞ்ச இடத்தை மட்டும் விட்டுவிட்டு, சுற்றிவர வசலீனை விரலால் தடவுவார். சளி பிடித்த குழந்தையின் நெஞ்சில் தைலம் தடவுகிற மாதிரி அவ்வளவு பக்குவமாக. அதுவும் போதாது என்று பட்டால் பழைய நைலோன் காலுறை ஒன்றை எடுத்து லென்சின் மேல் இழுத்துக் கட்டுவார். பிறகு அதற்கூடாகப் பார்த்து, "ஆ, இப்பதான் ஏதோ தெரியுது" என்பார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் மணப்பெண் வெளிக்கிடுத்துகிறவள். திருகோணமலைக் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையொன்றில் எனக்கு ஓர் அழகு நிலையம். விடிய எழும்பி, ஒரு பெண்ணின் கண்ணுக்கு மை கீறி, புருவம் தீட்டி, நெற்றிச்சுட்டியை நூல் பிடித்த மாதிரி நடுவில் இருத்தி, சேலை மடிப்புகளுக்கு ஊசி குத்தி முடிக்கும்போது என் முதுகு கழன்றுவிடும். அக்கா வந்து அவ்வளவையும் ஒரு புகைக்குள் போட்டு மூடிவிடுவார்.

"அக்கா, நான் கீறின கண்மை எங்க?"

"உள்ளுக்கதான் இருக்கு பிள்ளை."

"தெரியேல்லையே."

"தெரியோணுமெண்டால் அடையாள அட்டைக்கு எடுக்கிற இடத்துக்கு அனுப்பு."

இதுதான் எங்கள் சண்டை. வருஷக்கணக்காக, ஒவ்வொரு கலியாண வீட்டிலும், மணப்பெண்ணை நடுவில் இருத்திவைத்துக்கொண்டு இதே சண்டையைப் பிடித்திருக்கிறோம்.

நானும் அக்கா என்றேன், ஊரும் அக்கா என்றது. எந்த அக்கா என்று கேட்டால் பிரான்ஸ் அக்கா என்பார்கள். ஐம்பது தாண்டிய பெண். நெற்றி நிறைய விபூதி, நறுக்கென்று கட்டிய பருத்திச் சேலை, அதற்குக் கீழே பரிஸ் நகரத்தில் வாங்கிய தடித்த கறுப்புச் சப்பாத்து. கணவர் அங்கேயே இறந்துபோக, பிள்ளைகளும் தங்கள் பாட்டைப் பார்க்கத் தொடங்க, ஊருக்குத் திரும்பிவந்து கலியாண வீடியோ எடுக்க ஆரம்பித்தார். ஒரு பொம்பிளை கமராவைத் தூக்கிக்கொண்டு மணவறையைச் சுற்றி ஓடுவதா என்று முதலில் எல்லாரும் சிரித்தார்கள். பிறகுதான் தாய்மாருக்கு விஷயம் விளங்கியது. பெண் வெளிக்கிடுகிற அறைக்குள் எவனோ ஒரு கமராக்காரனை விடுவதற்குப் பதிலாக, விபூதி பூசிய ஒரு பெண்மணியை விடலாம்! அன்றைக்குப் பிடித்தது அவருக்கு யோகம். அன்புவழிபுரத்தில் ஒரு கலியாணம் என்றால் ஐயருக்குச் சொல்லிவிட்டு அடுத்ததாக அக்காவுக்குத்தான் சொல்வார்கள்.

அந்தத் தாய்மார் ஒருவருக்காவது அக்கா எங்கே தொழில் பழகினார் என்பது தெரியாது. பிரான்சில் படித்தவவாம் என்று தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள். அக்கா மறுக்கமாட்டார், ஓமென்றும் சொல்லமாட்டார். விபூதியைச் சரிபார்த்துக்கொண்டு பிளேன்ரீ குடிப்பார்.

மற்றவர்களின் கலியாண வீடியோவில் பிள்ளையார் சுழன்று வருவார், ரோசாப்பூ வெடிக்கும், இரண்டு இதயங்களுக்குள் இரண்டு முகம் முழிக்கும். அக்காவின் படம் ஒரு யன்னலில் தொடங்கும். திரைச்சீலை அசையும், அசைந்துகொண்டே இருக்கும். கரண்ட் போய்விட்டதோ, படம் இறுகிவிட்டதோ என்று நீங்கள் எழும்பப் போகிற நேரத்தில் கமரா மெதுவாக, கொட்டாவி விடுகிற வேகத்தில் உள்ளே வரும். கட்டிலைச் சுற்றி நுளம்பு வலை. அதற்கப்பால் பெண் இருப்பாள். முகம் நேரே தெரியாது. முகம் பார்க்கும் கண்ணாடிக்குள் தெரியும், அந்தக் கண்ணாடி இன்னொரு கண்ணாடிக்குள் தெரியும். பக்கத்தில் பித்தளைத் தட்டில் ஜம்பு, ரம்புட்டான், பிளந்த மாதுளை. எங்கும் தேன் ஊற்றியது போல ஒரு மஞ்சள் வெளிச்சம். பெண் ஒரு காப்பைக் கழற்றுவாள். யன்னலைப் பார்ப்பாள். அதே காப்பைத் திரும்பப் போடுவாள். அவ்வளவுதான் கதை.

மயில் தோகை விரித்த மாதிரி முதுகு அகன்ற பிரம்புக் கதிரை ஒன்றும் வைத்திருந்தார். அதை ஓட்டோவின் கூரையில் கட்டிக்கொண்டு அவர் போகிற காட்சியைக் காணக் கண் கோடி வேண்டும். கதிரை வீதியை அடைத்துக்கொண்டு போகும், பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டு வருவான். அக்கா உள்ளே இருந்து, ராசாத்தி ஊர்வலம் போகிற மாதிரி அவனுக்குக் கை காட்டுவார்.

மணப்பெண்களை அவர் ஆட்டுவிக்கிற விதம் தனி. சிரி என்று ஒருநாளும் சொல்லமாட்டார்.

"யன்னலைப் பார். என்ன தெரியுது?"

"ஒண்டுமில்லை அக்கா. பக்கத்து வீட்டுத் தண்ணித் தாங்கி."

"அதைத்தான் பார். ஆறுதலாப் பார். அந்தத் தாங்கிக்கு எங்கயும் போற அவசரம் இல்லை, உனக்கும் இல்லை."

பெண்ணும் தண்ணீர்த் தாங்கியைப் பார்ப்பாள். நீங்கள் நம்பமாட்டீர்கள், பிறகு அந்தப் படத்தைப் பார்த்தால் கடல் கடந்து போன ஒருவனுக்காக அவள் காலங்காலமாகக் காத்திருக்கிற மாதிரி இருக்கும். அவள் மாப்பிள்ளையோ குசினியில் இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருப்பான்.

ஆனால் அக்காவின் விசேஷம் புகையும் கதிரையும் அல்ல. முக்கியமான நேரத்தில் கமராவை வேறு பக்கம் திருப்பிவிடுவார். அதுதான் அவர். உப்புவெளிக் கடற்கரையில் ஒருமுறை, பெண்ணின் பொட்டு வியர்வையில் நழுவாமல் பார்க்க நான் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறேன். பதிவுத் திருமணம் முடித்திருந்த சோடி. பையனுக்கு என்ன துணிச்சல் வந்ததோ, சட்டென்று குனிந்து பெண்ணை முத்தமிட்டுவிட்டான். நான் வாயைப் பிளந்தபடி அக்காவைப் பார்க்கிறேன். கமரா மணலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது! ஒரு நண்டு. வளையை விட்டு வெளியே வந்து, கண்ணை இரண்டு பக்கமும் நீட்டிப் பார்த்துவிட்டு, திரும்ப விறுவிறென்று உள்ளே போகிற நண்டு.

"ஐயோ அக்கா, நண்டையே எடுத்தனீங்கள்?"

"முத்தத்தை எல்லாரும் எடுப்பினம் பிள்ளை."

படத்தைப் போட்டுக் காட்டியபோது அந்தப் பெண் நண்டைக் கண்டு முகம் சிவந்து, தலையணையால் முகத்தை மூடிக்கொண்டு கட்டிலில் விழுந்தாள். பையனின் தாயார், "நண்டு வடிவா வந்திருக்கு" என்று மெச்சினார்.

பிறகு அவருக்கு மிருகம் வேண்டும் என்ற எண்ணம் பிடித்தது. எங்கள் ஊரில் மான்கள் வீதியில் மாடு மாதிரித் திரிகிறவை, அதனால் அது பெரிய காரியமில்லை. கோட்டைப் பக்கம் ஒரு மரத்தடியில் பெண்ணை இருத்தி, புல்லை லென்சுக்கு முன்னால் பிடித்து ஆட்டச் சொல்லி என்னிடம் தந்துவிட்டு, வாழைப்பழத் தோலைக் காட்டி ஒரு மானைக் கூப்பிட்டார். வந்த மான் தோலை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பெண்ணின் பின்னால் போய், நான் மினக்கெட்டுக் கட்டிய மல்லிகைச் சரத்தை மென்று தின்னத் தொடங்கியது. பெண் கத்துகிறாள், நான் புல்லை எறிந்துவிட்டு மானை அடிக்க ஓடுகிறேன். "அடியாத, அடியாத, இதுக்குத்தான் இவ்வளவு நாளும் இருந்தனான்!" என்று அக்கா மண்ணில் முழந்தாளிட்டு எடுத்துக்கொண்டிருந்தார். அவர் எடுத்ததிலேயே வடிவான காட்சி அதுதான் என்று நான் இன்றைக்கும் சொல்வேன். அந்தப் பெண் மூச்சு விடாமல் சிரித்துக்கொண்டு கழுத்தைப் பின்னால் சாய்க்க, வெளிச்சம் அவள் காதுக்கூடாகச் சிவப்பாக வரும்.

இதையெல்லாம் எங்கே பொறுக்கினார் என்பது கப்பல்துறைக் கிராமத்தில் ஒரு கலியாணத்தன்றுதான் தெரியவந்தது. ராகுகாலம் கழியட்டும் என்று வீட்டுக்காரர் சொல்ல, நாங்கள் இருவரும் வாடகை வானுக்குள் இருந்து வடை தின்றுகொண்டிருந்தோம். சும்மா கேட்டேன். அக்கா என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். வடை புரையேறி, கண்ணீர் வழிந்து, விபூதி கரைந்து, நான் முதுகில் குத்துகிற அளவுக்குச் சிரித்தார்.

"பரிசில ஒரு தியேட்டர் கூட்டித் துடைச்சனான் பிள்ளை. பழைய படம் மட்டும் போடுற சின்னத் தியேட்டர். ஒரு மாதிரிப் படங்கள்."

"என்ன மாதிரி?"

"ஒரு மாதிரி எண்டால் ஒரு மாதிரித்தான். வெள்ளைக்காரர் எடுத்த அந்தக் காலத்துப் படங்கள். முதலாளி அதைக் கலை எண்டுவான். தொப்பி போட்ட கிழவனுகள் வந்து கலை பாப்பினம்."

நான் வடையைக் கீழே போட்டுவிட்டேன். நெற்றி நிறைய விபூதியோடு ஓர் அம்மன் சிலை மாதிரி இருந்த மனுசி!

"நான் வாளியோட பின்னுக்கு நிப்பன். படம் முடிய வேணும், துடைச்சுப்போட்டு வீட்டை போக. கதைக்கிறது ஒண்டும் விளங்காது. விளங்கவும் ஒண்டுமில்லை. ஒரு பெரிய வீடு. ஒரு பொம்பிளை. எழும்பிறதே பத்து மணிக்கு. சமையல் இல்லை, பிள்ளை இல்லை, உடுப்புத் தோய்ச்சல் இல்லை. யன்னலடியில நிண்டு ஒரு பழம் தின்னுவா. கண்ணாடியில தலை இழுப்பா. பிரம்புக் கதிரையில போய் இருப்பா. சும்மா ஒரு வெள்ளைக் குதிரை வரும், ஏன் வருதெண்டு ஆருக்கும் தெரியாது. பேந்து அவையின்ர சோலி தொடங்கும். அந்த இடத்தில நான் கழிவறை கழுவப் போயிடுவன். ஆனா அந்த முதல் கால்வாசி இருக்கே பிள்ளை..."

அக்கா சிரிப்பை நிறுத்தினார்.

"நான் அஞ்சு மணிக்கு எழும்பி மூண்டு இடத்தில வேலை செய்தனான். என்ர அம்மா நெல்லு வெட்டப் போனவ. ஒரு பொம்பிளை ஒண்டுமே செய்யாமல் வெளிச்சத்தில இருக்கிறதை அதுக்கு முதல் நான் கண்டதேயில்லை. எங்கட பிள்ளையளையும் ஒருக்கா அப்பிடி இருத்திப் பாக்கோணும் எண்டு ஒரு ஆசை. கலியாணத்தண்டைக்கு மட்டுமெண்டாலும். அடுத்த நாள் சட்டி பானை வந்திடும்தானே."

எனக்கு அழுகை வரப் பார்த்தது. அதற்குள் அவர் என் கையைப் பிடித்து அமத்தினார். "இது உன்னோட இருக்கட்டும். வெளிய தெரிஞ்சால் ஒரு தாயும் என்னைப் படலைக்குள்ள விடமாட்டா. எனக்கு இப்ப இதைத் தவிர வேற ஒண்டுமில்லை பிள்ளை." அது முழு உண்மை என்று எனக்குத் தெரியும். பிள்ளைகளிடம் போய்ச் சும்மா இருக்கிற ஆள் இல்லை அவர்.

அன்றிலிருந்து எனக்குத்தான் கஷ்டகாலம். கலியாண வீட்டில் யாராவது பித்தளைத் தட்டில் ரம்புட்டானைக் கொண்டுவந்து வைத்தால் போதும், எனக்குச் சிரிப்பு வெடிக்கும். ஊசியை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பை அடக்குவது எவ்வளவு ஆபத்து என்று சேலை கட்டிவிடுகிறவர்களுக்குத் தெரியும். மாமியார்மார் "என்ன பிள்ளை, நல்ல சந்தோசமாய் இருக்கிறாய்?" என்று கேட்பார்கள். அக்கா லென்சுக்குப் பின்னாலிருந்து முறைப்பார்.

அப்படி இருக்கும்போதுதான் ரீச்சர் வீட்டுக் கலியாணம் வந்தது. அன்புவழிபுரத்தில் ரீச்சர் என்றால் ஒருவர்தான். பள்ளிக்கூட உப அதிபராக இருந்தவர். அவர் ஒரு புடைவைக் கடையை நல்லதென்றால் ஊர் அங்கே போகும், கூடாதென்றால் கடைக்காரன் ஈ ஓட்டுவான். நடந்து போகமாட்டார், பறப்பார். வங்கியில் வேலை பார்க்கிற மகளுக்குக் கலியாணம், மாப்பிள்ளை பகுதி பரிஸ். எனக்குப் பரிஸ் என்ற சொல்லே காதில் அடைத்தது, ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன்.

"பரிஸ் பெரிய ஊர்" என்றார் அக்கா. "இன்னொண்டு, அந்தப் படங்களைப் பாத்தவன் வாய் திறக்கமாட்டான். வாய் திறக்கிறவன் அதுகளைப் பாத்திருக்கமாட்டான். நீ பேசாமல் கண்மையைக் கீறு."

கலியாணத்துக்குச் சில நாள் முன்னதாக ரீச்சர் வீட்டிலேயே படமெடுத்தோம். பெண்ணின் அறைக்குள் எங்களை விட்டுவிட்டு ரீச்சர் வாசலில் நின்று சொன்னார்: "ஆம்பிளையளை உள்ள விடேலாது எண்டுதான் உங்களைப் பிடிச்சனான். உங்களை நம்பித்தான் விடுறன்." அக்கா தலையாட்டினார். அதற்குள் ரீச்சர் பலகாரக்காரனைத் திட்டப் பறந்துவிட்டார்.

கலியாணம் நல்லபடி முடிந்தது. அன்று பின்னேரம் துறைமுகப் பக்கத்து மண்டபமொன்றில் வரவேற்பு. மேடைக்குப் பக்கத்தில் பெரிய திரை கட்டி, முன்பு எடுத்த படத்தைப் போடுவதாக ஏற்பாடு. அக்கா மடிக்கணினிக்கு முன்னால், நான் அவருக்குப் பக்கத்தில். விளக்கை அணைத்தார்கள். யன்னல். திரைச்சீலை. மண்டபம் அடங்கிப்போனது. நுளம்பு வலைக்கப்பால் ரீச்சரின் மகள் காப்பைக் கழற்றினாள், தேன் வெளிச்சம் அவள் பிடரியில் வழிந்தது, பெண்களெல்லாம் ஒரே மூச்சாக 'ஆ' என்றார்கள். ரீச்சர் மட்டும் திரையைப் பார்க்கவில்லை. சாப்பாட்டு மேசைக்கும் வாசலுக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தார்.

அப்போது திரையில் வேறொருத்தி வந்தாள். பிரம்புக் கதிரையில் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே. கொண்டை தளர்ந்து கழுத்தில் விழுந்திருந்தது. கையில் பாதி கடித்த ஜம்பு. அவள் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, இந்த உலகத்தில் யாருக்கும் தாயாக இல்லாதவள் மாதிரி, மனைவியாக இல்லாதவள் மாதிரி, மெல்ல மென்றாள். உதட்டோரத்தில் சாறு மினுங்கியது. யாரிந்த வடிவான மனுசி என்று நான் யோசித்தேன். ரீச்சர்!

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. மகள் சேலை மாற்றுகிற நேரம், வெளிச்சம் பார்க்க வேண்டும், கொஞ்சம் இருங்கோ என்று அக்கா ரீச்சரைக் கதிரையில் இருத்தினார். மனுசி விடிந்ததிலிருந்து அப்போதுதான் இருந்திருப்பார். இருந்ததும் தன்னை மறந்துவிட்டார். கமரா ஓடிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது.

"நிப்பாட்டுங்கோ!"

முன்வரிசையில் மாப்பிள்ளையின் பெரியப்பா எழுந்து நின்றார். பட்டு வேட்டி, சால்வை. பரிசில் ஒரு கோவிலுக்குத் தர்மகர்த்தா. அக்காவின் விரல் தன்பாட்டில் அமத்திவிட்டது. படம் நின்றது. ஆனால் திரையிலிருந்து போகவில்லை. ரீச்சர் ஜம்புவோடு அங்கேயே, சுவரளவு பெரிதாக, நின்றுவிட்டார். யாரோ விளக்கைப் போட்டார்கள்.

"சம்பந்தியம்மாவை இப்பிடியோ எடுக்கிறது? இது... இது அந்தப் படங்களில வாற மாதிரி!"

ரீச்சரின் கணவர் ஒரு சாதுவான மனிதர். உண்மையாகவே விளங்காமல் கேட்டார்: "எந்தப் படங்கள் அண்ணை?"

பெரியப்பா வாயைத் திறந்தார். மூடினார். மண்டபம் முழுக்க அவரைப் பார்த்தது. பின்வரிசையில் ஒருவன் இருமினான், அவனுக்குப் பக்கத்திலிருந்தவன் குனிந்துகொண்டான். பெரியப்பாவின் முகம் பட்டுச் சால்வைக் கரையின் நிறத்துக்கு வந்தது. அக்கா சொன்ன கணக்குச் சரிதான், பார்த்தவன் வாய் திறக்கக்கூடாது. இவர் அவசரப்பட்டுத் திறந்துவிட்டார். எனக்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்து விக்கல் எடுத்தது.

அப்போது பக்கத்துக் கதிரையிலிருந்து பெரியம்மா, மூக்குத்தி மினுங்க, சாவகாசமாகச் சொன்னார்: "பாவம், அவரைப் போட்டுக் குழப்பாதேங்கோ. நானும்தானே கூடப் போனனான்."

"எங்க?" என்று பல குரல்கள்.

"கலியாணம் முடிச்ச முதல் குளிர்காலம். எங்கட அறையில ஹீற்றர் இல்லை. ஸ்ரேசனுக்குப் பக்கத்தில ஒரு தியேட்டர், உள்ளுக்க நல்ல சூடு. எங்களுக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியாது. வாசலில ஒரு பொம்பிளை யன்னலடியில நிக்கிற படம் ஒட்டியிருந்துது. குடும்பப் படமாக்கும் எண்டு போனனாங்கள்."

"விளங்கின உடன வெளிய வந்திருக்கலாமே பெரியம்மா?" என்று மாப்பிள்ளையின் சிநேகிதன் ஒருவன் கத்தினான்.

"வெளிய பனி கொட்டுது, தம்பி. அந்தக் குளிர் முழுக்க அங்கதான் இருந்தனாங்கள்."

மண்டபம் வெடித்தது. நாதஸ்வரக்காரர் கதிரையிலிருந்து நழுவினார். ஐயர் முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். பெரியப்பா சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு இருந்தார், பெரியம்மா அவர் முழங்காலில் தட்டிக்கொடுத்தார். "நான் துடைச்ச கதிரையளிலதான் இருந்திருப்பினம்" என்று அக்கா என் காதுக்குள் சொன்னார். ஆனால் அவர் கண் ரீச்சர் மேல்தான் இருந்தது.

ஏனென்றால் ரீச்சர் சிரிக்கவில்லை. சாப்பாட்டுப் பக்கத்திலிருந்து கதிரைகளுக்கு நடுவால் வந்துகொண்டிருந்தார். அவர் வர வர ஒவ்வொரு வரிசையாகச் சிரிப்பு நின்றது. அடுத்த மாதங்களுக்கு அக்காவைப் பிடித்துவைத்திருந்த தாய்மார் பாதிப்பேர் அங்கேதான் இருந்தார்கள். அவர்களும் ரீச்சரின் முகத்தைத்தான் பார்த்தார்கள். இவர் ஒரு சொல் சொன்னால் முடிந்தது. அக்கா எழுந்து நின்றார்.

"அந்த அண்ணை சொன்னது உண்மையோ?" என்றார் ரீச்சர். "நீங்கள் அந்தப் படங்களிலயோ இதைப் பழகினது?"

வசலீனால் மூடலாம், நண்டைக் காட்டலாம், திரைச்சீலையைக் காட்டலாம். அன்றைக்கு அக்கா அப்படி ஒன்றும் செய்யவில்லை.

"ஓம் ரீச்சர். அங்க கூட்டித் துடைச்சனான். வெளிச்சத்தை அங்கதான் பழகினனான். உங்களை எடுத்தது உங்களுக்குச் சொல்லாமல். வெளிச்சம் பாக்கத்தான் இருத்தினனான். பேந்து வெட்டி எறிய மனம் வரேல்லை. பிழை என்னிலதான். வெட்டச் சொன்னால் இப்பவே வெட்டுறன்."

ரீச்சர் திரும்பித் திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பப் பார்த்தார். திரையிலிருந்த பெண் அவரைக் கவனிக்காமல் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது நானோ?" என்று கேட்டார். அது உப அதிபரின் குரல் இல்லை.

அவருடைய கணவர்தான், மேடைப் பக்கத்திலிருந்து, மெதுவாக, "ஓமப்பா" என்றார். "நீர்தான்."

ரீச்சர் தன் கையால் கொண்டையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு பெரியம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். நன்றாகச் சாய்ந்து இருந்தார்.

"முதல்லயிருந்து போடுங்கோ" என்றார். "நான் ஒண்டும் பாக்கேல்லை."

அக்கா ரீச்சரையே பார்த்துக்கொண்டு நின்றார். நான்தான் எட்டி அமத்தினேன். விளக்கை அணைத்தார்கள். யன்னலில் திரைச்சீலை அசையத் தொடங்கியபோது சாப்பாட்டுப் பக்கத்திலிருந்து ஒருவர் குனிந்தபடி ஓடிவந்தார்.

"ரீச்சர், ஐஸ்கிறீம் முடியப்போகுது. என்ன செய்யிறது?"

"முடியட்டும்" என்றார் ரீச்சர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.